சிந்திய அளவு

நொவீனா மருத்துவமனையில்
விரலோடு விரல் தட்டச் சொல்லி
சுழியம் முதல் நான்குவரை மதிப்பெண்.
எனக்கு எப்போதும் ஒன்று.
மாத்திரை வேலைசெய்யும் நேரம் பார்த்தல்லவா
அழைக்கிறார்கள்.

மார்சிலிங் உணவங்காடியில் கணக்கு வேறு.
கடையிலிருந்து மேசைக்குப் பதினெட்டு எட்டு,
கையில் ஒரு தே ஓ.
சாசரில் எவ்வளவு, சட்டையில் எவ்வளவு,
விழாத 4டி சீட்டுகளின் பின்புறம் குறித்துவந்தேன்.
காலை ஏழு: இரண்டு சொட்டு.
பத்தரை: பாதி.
மகள் ஃபோனில் திட்டிய அன்று: முழுசும்.

தொண்ணூற்றிரண்டு சீட்டு. ரப்பர் பேண்ட் போட்டு
ஆய்வாளர் ஹுய் ஷான் முன்னால் வைத்தேன்.
ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சிரிக்கவில்லை.
"மகள் திட்டியதற்கு எங்கள் படிவத்தில்
கட்டமே இல்லை, அங்கிள்."
போடுங்களேன் என்றேன்.

போட்டார்கள். பதினேழாம் கேள்வி:
இன்று பானம் சிந்தியதா?
அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது?
நாற்பது பேர் நிரப்புகிறார்கள்,
நாற்பது நடுங்கும் கையெழுத்தில்.

இனி ஒரே தொல்லை, கடைக்காரர் மைதீன்.
இரக்கப்பட்டு
முக்கால் குவளைதான் ஊற்றுகிறார்.
விளிம்புவரை ஊற்றுங்கள் பாய்,
ஆராய்ச்சி கெடுகிறது.