நாற்பத்தொரு எச்சரிக்கைகள்

டோர்ஷவன் துறைமுக அலுவலகத்தில்,
இரண்டாம் மாடி, ஹீட்டருக்குப் பக்கத்து மேசை.
பழைய நிரலின் தலையில்
ரன்வா ஒரே ஒரு வரி சேர்த்தாள்:
இனி ஒரு பெயருக்கு
எழுதிய இடத்தில்தான் பொருள்.

அதுவரை அப்படியில்லை.
முப்பது வருடமாக அங்கே பெயர்கள்
கூப்பிட்டவர் சொற்படி நடந்தன.
கடைசியாக அழைத்தவர் வைத்ததே அளவு.
வாடகைக் கோட்டின் பையில்
முந்தைய ஆள் விட்டுப்போன சாவியை எடுத்து
வீட்டுக் கதவைத் திறப்பதுபோல.
கதவு தினமும் திறந்ததுதான் வியப்பு.

தொகுப்பி முணுமுணுக்கத் தொடங்கிற்று.
வரி 9: பயன்படாத மாறி.
வரி 112: பயன்படாத மாறி.
இப்படி நாற்பத்தொன்று.
பிழை என்று ஒரு சொல் இல்லை.
கொடியில் கிடக்கும் சட்டையைக் காட்டி
'இது யாருடையது?' என்று மட்டும் கேட்கும்
பக்கத்து வீட்டுக் குரல்.

ரன்வா எதையும் சேர்த்துவைப்பவள் அல்ல.
ஜாம் தீர்ந்த அன்றே புட்டி போய்விடும்.
பாதியில் விட்ட ஒரு கூட்டல்,
எவரும் பார்க்காத ஒரு தேதி,
முதலில் எழுதிய ஹானுஸின் நாய்
தர்ரியின் பெயரில் ஓர் ஏழு,
எல்லாம் போயிற்று.

வரி 388இல் மியோர்ச்சி.
அவ்வூர் மொழியில் மூடுபனி.
அதற்கு 'உண்டு' என்று மதிப்புக் கொடுத்து,
அடுத்த வரியில் 'அறிவி'யை அழைத்து,
அத்தோடு முடிகிறது அந்தச் சின்ன அறை.
உள்ளே யாரும் அந்தப் பெயரைத் தொடவில்லை.
இரண்டு முறை தேடிவிட்டுத்தான் அழித்தாள்.
தொகுப்பி வாயை மூடிக்கொண்டது.
அந்த மௌனத்தில் காப்பி நன்றாக இருந்தது.

வியாழன் காலை பனி ஏறிற்று.
முதலில் எதிர்த்தீவு போயிற்று,
பிறகு அலைதடுப்புச் சுவர்,
பிறகு கட்டியிருந்த கப்பலின் முன்பாதி.
கேப்டன் எஞ்சினை அணைத்துவிட்டு
சீட்டுக்கட்டை எடுத்தார்.
பலகை சொன்னது: நேரத்துக்குப் புறப்படும்.
ஒலிபெருக்கியும் சொன்னது, மூன்று மொழியில்.
முப்பது பேர் நின்றார்கள்.
ஒருவரிடம் குப்பைப்பை மாட்டிய செல்லோ.
ஒரு பெண்ணிடம் கேக் பெட்டி;
மூடியில் எழுதியிருந்த பெயர்
ஈரத்தில் பாதி கரைந்துவிட்டது.
கண்ணெதிரே கடல் இல்லை.
ஆனாலும் முக்கால் மணி நேரம்
பலகையைத்தான் நம்பினார்கள்.

'அறிவி' இருந்தது வேறு கோப்பில்,
மூன்று அடைவு தள்ளி.
தன்னை அழைத்தவரின் அறைக்குள்
மியோர்ச்சி உண்டா என்று
எட்டிப் பார்த்துவிட்டே பேசும் பழக்கம் அதற்கு.
அன்றும் எட்டிப் பார்த்தது. சுவர்.
தன் வீட்டு மூலையில் என்றோ எழுதிவைத்த
'இல்லை'யை எடுத்து வாசித்துவிட்டது.

தோன்றா எழுவாய் என்று படித்திருக்கிறோம்.
'வந்தேன்' என்றால் போதும்,
நான் வராமலே நான் வந்தாயிற்று.
சொற்களை எண்ணினால் அகப்படாத ஆள்தான்
வாக்கியம் முழுக்க நடந்துவருகிறார்.

ஹானுஸுக்குப் போன் போட்டாள்.
ஆல்போர்கில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான்;
பின்னால் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்.
'மியோர்ச்சியா? அங்கே இப்போது அப்படியா?
இங்கே நல்ல வெயில்' என்றான்.

தொகுப்பி பொய் சொல்லவில்லை.
அதுதான் அவளுக்கு எரிச்சல்.
'இந்தச் சுவருக்குள்' என்று அது சொன்னதை
'இந்த உலகத்தில்' என்று
காதில் வாங்கியவள் இவள்.

பிற்பகல் அந்த வரியைத் திரும்ப வைத்தாள்.
மேலே ஓர் அறிவிப்பும்:
இந்தப் பெயர் சுவர் தாண்டும்.
மிச்ச நாற்பதையும் குப்பையிலிருந்து எடுத்து
எந்தச் சன்னலிலாவது எவராவது
எட்டிப் பார்க்கிறார்களா என்று
இரவு பதினொன்று வரை தேடினாள்.
ஒருவரும் இல்லை. நாற்பதும் வீண்தான்.

முப்பத்தொன்பதை மறுபடி அழித்தாள்.

தொகுப்பி இப்போதும் தினமும் சொல்கிறது,
வரி 9, தர்ரி, பயன்படாத மாறி.
சொல்லிவிட்டுப் போகட்டும்.