தேய்மானப் பொருள்

புளியரை எஸ் வளைவில்
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே
கார் யோசிக்கத் தொடங்கும்.
ஒரு கிளட்ச் விட்டுவிட்டது,
மற்றது இன்னும் பிடிக்கவில்லை.
பின்னால் வைக்கோல் லாரி.

தென்காசி சர்வீஸில் மட்டும்
பால் குடித்த பிள்ளை மாதிரி இருக்கும்.
டாக்டர் வாசலில் இறங்கிவிடும் காய்ச்சல்.
ஜாப் கார்டில் நாலாவது தடவையும்
‘குறை எதுவும் காணப்படவில்லை.’
கொல்லத்துல வாங்கினது, அங்க கேளுங்க என்றார்கள்.
கொல்லத்தில் ஷிபின் சொன்னான்:
‘தமிழ்நாட்டு ரோட்டிலல்லே ஓடுந்நது சாரே.’

வாரண்டிக்கு இன்னும் ஒன்பது நாள்.
லீவு போட்டு
மெக்கானிக் இசக்கிதுரையைப் பக்கத்தில் உட்காரவைத்து
மலையேறினேன். அவர் மடியில் லேப்டாப்.
முதல் ஏற்றம் வெண்ணெயாய்ப் போனது.
இரண்டாவதும்.
‘அண்ணாச்சி, உங்க காலுலதான் ஏதோ’ என்றார்.
கோட்டைவாசலில் திருப்பி, இறங்கி,
மூன்றாம் தடவை ஏறும்போது
ஒரு நடுக்கம்.
மீட்டரில் மஞ்சள் பல்சக்கரம்.
‘வந்துட்டு!’ என்று இருவரும் கத்தினோம்,
பின்னோக்கி உருண்டபடியே.

லாரியிலிருந்து குதித்த கிளீனர்ப் பையன்
பின்சக்கரத்தில் கட்டையைச் செருகினான்.
எந்த மாடல், எத்தனை கிலோமீட்டர்,
கடைசி சர்வீஸ் எங்கே
எதுவும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் கம்பெனி பதில்:
பழுது உண்மை.
ஆனால் கிளட்ச் தேய்மானப் பொருள்.
பாதிக்குப் பாதி.
பேரம் பேச ஒரு நாள்தான் இருந்தது,
அது ஞாயிறு.
கையெழுத்துப் போட்டேன்.

டிக்கியில் அந்தக் கட்டை கிடக்கிறது,
வளைவு வந்தால் உருண்டு முட்டும்.
திருப்பிக் கொடுக்கலாம் என்றால்
லாரி கேஎல்லா டிஎன்னா என்றுகூட
நான் பார்க்கவில்லை.