இருநூற்றுப் பதினொன்று

அடுத்த ஆண்டு வெள்ளிவிழா.
மலருக்கு நான்கு பக்கம் வேண்டுமாம்,
ஏழாம் பயனியர் கம்பெனியின் வரலாறு.
எழுத்தராக இருந்தவன் என்பதால்
என்னிடம் கேட்கிறார்கள்.
என்னிடம் இருப்பது வரலாறு அல்ல,
பேரேடு.

முதல் பக்கம்: கோடரி நாற்பது, ரம்பம் பதினெட்டு,
குதிரை ஆறு, அதில் ஒன்று நொண்டி.
முப்பத்தொன்பதின் குளிரில் மண்வெட்டி இறங்கவில்லை.
வெடிவைத்துத்தான் ஃபின்லாந்து மண்ணைப் பிளந்தோம்,
முதலில் பதுங்குகுழிக்கு,
பிறகு பிணக்குழிக்கு.
அதே திரி, அதே அளவு மருந்து.

வூக்சி ஆற்றில் ஒரு மரப்பாலம்,
பத்தொன்பது நாள் வேலை.
தச்சன் ஓய்வா குர்ட்டிலா
தூணுக்கொன்றாக மகள்களின் பெயரைச் செதுக்கினான்.
மகள்கள் ஐவர், தூண்கள் ஒன்பது.
மிச்சத்துக்குப் பசுக்களின் பெயர்.
நாற்பத்து நான்கு ஜூனில், பின்வாங்கும் இரவில்,
அதற்கு மருந்து கட்டியவனும் அவன்தான்.
எங்கே வைத்தால் எளிதில் முறியும் என்று
கட்டியவனுக்குத்தானே தெரியும்.
பசுக்களிலிருந்து தொடங்கினான்.

போர் முடிந்தது என்றது வானொலி.
எங்களுக்கு முடியவில்லை.
ஜெர்மானியர் கொளுத்திவிட்டுப் போன லாப்லாந்தில்
வீடுகள் போய்ப் புகைபோக்கிகள் மட்டும் நின்ற ஊர்களில்
பனி உருகும்வரை காத்திருந்து
இரும்புக் குச்சியோடு இறங்கினோம்.
சாணுக்கு ஒரு குத்து, சாய்த்து, மெதுவாக.
மண்டியிட்டு
நிலத்துக்குப் பேன் பார்த்தோம்.

அவுனே பலோயார்வியின் உருளைக்கிழங்கு வயல்.
கைப்பற்றிய வரைபடத்தில் கண்ணிவெடி இருநூற்றுப் பன்னிரண்டு.
நாங்கள் எடுத்தது இருநூற்றுப் பத்து.
இருநூற்றுப் பதினொன்றை எடுத்தவன்
சூலோ ஹன்னுனியெமி, வயது பத்தொன்பது.
அல்லது அது அவனை எடுத்தது.

நான்கு நாள் மறுபடி துழாவினோம்.
ஐந்தாம் நாள் லெப்டினன்ட் குழியோரம் நின்று சொன்னார்:
"இரண்டும் சேர்ந்தே வெடித்திருக்கும்.
ஒரு பையனுக்கு இவ்வளவு பெரிய குழி எதற்கு?"
யாரும் பதில் சொல்லவில்லை.
அடுத்த வயல் காத்திருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
என் கையெழுத்து அழகானது, இன்றும் தெளிவாக இருக்கிறது.

அவுனே பேரேட்டைப் பார்த்ததில்லை.
ஆனால் எங்கள் முகங்களைப் பார்த்திருந்தாள்.
வடகிழக்கு மூலையில் அவள் ஏர் போகவே இல்லை.
அங்கே இப்போது பதினாறு பிர்ச் மரங்கள்.
வருடந்தோறும் டிசம்பரில் ஒரு அட்டை வரும்,
வாழ்த்து அச்சிட்டது,
கீழே பென்சிலில் ஒரே வரி:
மூலை இன்னும் தூங்குகிறது.

விழாக் குழுவில் இளைஞர் ஒருவர், நல்லவர்,
"அகற்றியவை மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம்
என்று போட்டுவிடலாமே" என்கிறார்.
பேரேட்டில் நாலாயிரத்து நூற்றுப் பதினாறு.
நாலாயிரத்து நூற்றுப் பதினைந்து என்று தட்டச்சு செய்தேன்.
அச்சுப்பிழையா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.
காரணம் கேட்காமல்
காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

இன்று தேதி இருபத்தொன்று.
வடக்கே கடும் பனியாம், தபால் வண்டி தாமதமாம்.
இரண்டு முறை கதவுவரை போய்வந்துவிட்டேன்.
நான்காம் பக்கம்
பாதியில் நிற்கிறது.