மூணு நிமிஷம்

சமாதானபுரத்தில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
பத்து மணிக்குப் பையன்கள் போய்விடுவார்கள்.
அப்புறம் நாங்கள் நாலு பேர்.
எல்லாருக்கும் அறுபது தாண்டிவிட்டது,
எல்லார் ஷூவும் புதுசு.

இசக்கிராணி கரும்பலகையில் எழுதிப் போடுவாள்:
எட்டு தடவை. மூணு நிமிஷம். எட்டு தடவை.
எட்டுக்கு நான் பயப்படவில்லை.
நடுவில் நிற்கிற மூணுதான்.

முதல் வாரம் கம்பியைக் கீழே வைத்ததும்
துண்டை எடுத்து பெஞ்சைத் துடைத்தேன்.
கிடந்த தட்டுகளை
ரெண்டரை, அஞ்சு, பத்து என்று அடுக்கினேன்.
மைமூன் பீவி எல்லார் பாட்டிலிலும் தண்ணீர் பிடித்தாள்.
எஸ்தர் டீச்சர் ஜன்னல் கம்பியில் தூசி தட்டினாள்.
சண்முகவடிவு மட்டும் சொன்னபடி உட்கார்ந்தாள்,
உட்கார்ந்தவள் குறட்டை விட்டாள்.
"சும்மா உக்காருங்கம்மா,
சதை ஊறுதது இப்பந்தான், தூக்கையில இல்ல"
என்று இசக்கிராணி தலையிலடித்துக்கொண்டாள்.

மூணு நிமிஷம் எவ்வளவு என்று
கடிகாரம் பார்க்காமல் சொல்வேன் நான்.
பில் கவுண்டருக்கு மாற்றும்வரை
பதினாலு வருஷம் டிரங்க் போர்டில் இருந்தவள்.
பருத்தி விலை,
பெண் பார்க்க வருகிற தேதி,
மழைநாளில் இரைகிற தூத்துக்குடி லைன்,
எல்லாவற்றின் குறுக்கேயும் என் குரல்:
மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?
காசிருந்தவர்கள் நீட்டினார்கள்.

பம்பாய்க்கு ஒரு கால்.
"அப்பா போயிட்டாவ" என்றது இந்தப் பக்கம்.
அந்தப் பக்கம் பேச்சே இல்லை,
மூச்சு மட்டும்.
நீட்டிக்கவா என்றேன். இரண்டு தடவை கேட்டேன்.
பதில் இல்லை.
சட்டப்படி வயரை உருவினேன்.
அடுத்த விளக்கு எரிந்தது, எடுத்தேன்.

இன்றைக்கு இருபத்தஞ்சு கிலோ.
மூன்றாவது சுற்று முடிந்து உட்கார்ந்தபோது
தொடை தன்பாட்டுக்குத் துள்ளியது,
என் பேச்சைக் கேட்கவில்லை.
ஹெட்செட் மாட்டிய இடது காதில்
நெஞ்சு அடிக்கிற சத்தம்,
யாரோ லைனில் இருந்துகொண்டு
ஒன்றும் பேசாததுபோல.

துடைக்கவில்லை. அடுக்கவில்லை.
கீழே ஏரல் பஸ் கண்டக்டர் ஆள் கூப்பிட்டு ஓய்ந்தான்.
யார் அது என்று கேட்கத் தோன்றியது,
கேட்காமல் இருந்தேன்.
மணிக்கட்டு உடைந்த வருஷத்தில்கூட
ஒற்றைக் கையால் பாத்திரம் கழுவியவள்.

"மூணு ஆச்சும்மா."

கம்பி எங்கேயும் போகவில்லை, அங்கேதான் கிடந்தது.
"இன்னொரு மூணு நீட்டிப் போடுட்டி" என்றேன்.
என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.
"அதுக்குத் தனிக் காசு உண்டுல்லா" என்றாள் மைமூன்,
கண்ணைத் திறக்காமலே.

இசக்கிராணி என்னைப் பார்த்தாள்.
போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ரெண்டு காலையும் நீட்டினேன்.