ஒரு மாதிரி

பொள்ளாச்சியில் ஏறும்போது யாரும் சொல்வதில்லை.
ஆழியாறு தாண்டி
நாற்பதில் ஒன்று என்று மஞ்சள் பலகை வந்த பிறகுதான்
யாராவது என் பையைத் தொடுவார்கள்.

"ஒரு மாதிரி இருக்குதுங்க."

இருபத்தியோரு வருசமாக இந்த மலையில் சீட்டுக் கிழிக்கிறேன்.
ஒரு மாதிரி என்றால் இன்னும் நான்கு வளைவு இருக்கிறது,
மீதிச் சில்லறை கொடுத்துவிட்டு வரலாம்.
கொமட்டுதுங்க என்றால் இரண்டு.
வகுறு பொரட்டுது என்றால்
கேரிப்பையை உதறி விரித்துக்கொள்ள வேண்டும்.
வாயில தண்ணி ஊறுது என்பவருக்கு
ஜன்னலோரத்தில் தூங்குகிறவரை
அதட்டியாவது எழுப்ப வேண்டும்.
ஒன்றும் சொல்லாமல்
முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருப்பார் ஒருவர்.
அவருக்கு நேரமே இல்லை.

மூன்று தலைமுறையாகத் தேயிலைக்குள் இருந்தும்
திருநெல்வேலியை விடாதவர்கள்
ஓங்கரிக்குது என்பார்கள்.
சொல்லே பாதி வேலையைச் செய்துவிடும்.
சாலக்குடிக்காரர் ஓக்கானம் என்றார்,
கேட்ட எனக்கே தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.
கோட்டூர் வாத்தியார் ஒருத்தர்
குமட்டல் என்று திருத்தமாக ஆரம்பித்தார்.
ல் வருவதற்குள் மற்றது வந்துவிட்டது,
காக்கிச் சட்டை மேல்.

புதுத்தாலி மஞ்சள் காயாத பிள்ளை ஒன்று
பதினேழாம் வளைவில் முந்தானையை வாயில் அடைத்தது.
"எத்தனை மாசம் கண்ணு?" என்றது பின்சீட்டு.
மொத்த பஸ்ஸும் நகர்ந்து இடம் விட்டது.
அதே வளைவில் அதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு
பாலிடெக்னிக் பையன் ஒருத்தன் நின்றான்.
அவனுக்கு யாரும் நகரவில்லை.
மசக்கை என்பது வசதியான சொல்.
அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாகி
ஒன்பது நாள்தான் என்று
இறங்கும்போது புருசன்காரன் என் காதில் சொன்னான்.

போன ஆவணியில்
எஸ்டேட்டுக்குக் கொழுந்து பறிக்க வந்த
ஜார்க்கண்டுக்காரர்கள் எட்டுப் பேர்.
கடைசி சீட்டில் ஒரு பெண்.
"ஜீ" என்றாள்.
"சொல்லுங்க ஜீ" என்றேன், நானும் மரியாதையாக.
"ஜீ மிச்லா..."
மிச்சமா? இந்தாங்க.
பாக்கிப் பதினாறு ரூபாயை
அவள் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.
அந்தக் காசின் மேலேயே எடுத்துவிட்டாள்.

நாச்சிமுத்து வண்டியை ஓரங்கட்டினான்.
கூட வந்த பையன்
தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னான்:
அவர்கள் பேச்சில் இந்த ஜீ வேற ஜீயாம்.
நெஞ்சாம். மனசும் அதுதானாம்.
நெஞ்சு கலங்குகிறது என்று
ஒருத்தி என்னிடம் சொல்லியிருக்கிறாள்,
நான் சில்லறை கொடுத்திருக்கிறேன்.

பாறையில் வழிந்த தண்ணீரில் காசைக் கழுவினேன்.
பேர் கேட்டேன், சுக்மனி என்றாள்.
அதற்கப்புறம் வடக்கத்தி ஆள் யார் ஜீ என்றாலும்
முதலில் பையைத்தான் நீட்டுகிறேன்.
சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு மலையில் ஒருநாளும் வந்ததில்லை.
கடைசி நடை முடித்து
சூளேஸ்வரன்பட்டியில், சமதரையில்,
கட்டிலில் சாய்ந்தால்தான்
கட்டில் இடதுபக்கம் ஒடிக்கும்.
டியூப்லைட் மெதுவாகத் திரும்பும்.
பல்லி ஒன்று ஹாரன் அடிக்காமல் எதிரே வரும்.
கொமட்டல் இல்லை இது. கெறக்கமும் இல்லை.
பித்தம் என்றால் விடிந்ததும் இஞ்சித் தண்ணி கிடைக்கும்,
பித்தமுமில்லை.
நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருப்பதற்கு
இத்தனை பேர் ஏறினார்கள்,
ஒருத்தரும் ஒரு சொல்லை விட்டுவிட்டு இறங்கவில்லை.

"என்னுங்க பண்ணுது?"
இருட்டுக்குள் பேபி.

"ஒரு மாதிரி இருக்குது."

எழுந்துபோய் ஜன்னல் கொக்கியை எடுத்துவிடுவாள்.
கழுத்தடியில் கை வைத்துப் பார்ப்பாள்.
"வண்டி நின்னு வெகு நேரமாச்சுங்க.
எறங்குங்க."