வரிசையில் நான்காவது ஆள்

வெள்ளிக்கிழமை, துணி துவைக்கிற நேரம்.
சஜா கேம்ப், பதினாலாம் நம்பர் அறை.
நெய்னா ஈரக்கையோடு வாசித்தான்:
மூடிப்போன கம்பெனியின் பதினொரு மாதச் சம்பளம்
ஞாயிறு காலை அல் கூஸில் பட்டுவாடா.
பதிவுக் கட்டணம் எழுபத்தைந்து திர்ஹம்,
இன்று இரவுக்குள்.

முதலில் யாரும் நம்பவில்லை.
வெறும் எழுத்தை நம்புகிற வயதை
எல்லோரும் விமானத்திலேயே விட்டிருந்தோம்.
பிறகு திரவியம் முத்திரையைப் பெரிதாக்கினான்.
பச்சை வட்டம், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து,
அடியில் மை பற்றாமல்.
"நம்ம டைம் கீப்பர் சுகுமாரன் குத்துற மாதிரியே இருக்குடா,
ஒரு கையில டீ கிளாஸை வச்சுக்கிட்டு."
நேராக விழுந்திருந்தால்
அங்கேயே அழித்திருப்போம்.

அப்புறம் அந்தச் சொல்: கவணிக்கவும்.
ஆறு வருடமாக மெஸ் சுவர்
மூன்று சுழி போட்டுத்தான் எங்களை அதட்டியது.
தண்ணீர் வராது கவணிக்கவும்.
பஸ் நிற்காது கவணிக்கவும்.
சம்பளம் தாமதம் கவணிக்கவும்.
சரியாக எழுதுகிறவன் யாரோ அந்நியன்.
பிழை
எங்கள் ஆள்.

கடைசியில் படம்.
ஒரு மேசை, அதன் முன்னால் வரிசை,
காலில் கம்பி சுற்றிய நீல நாற்காலி,
நான்காவதாக நிற்கிறவனின் முதுகு.
காலர் கிழிந்த இடத்தில்
வெள்ளை நூலால் நானே போட்ட தையல்.

எனக்குத் தெரியும் அது எந்த நாள் என்று.
இரண்டு வருடம் முந்திய மார்ச்,
இலவசமாய்க் கண் பார்க்க டாக்டர்கள் வந்த நாள்.
தூரத்து எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள்.
கடைசி வரியை ஊகித்துத்தான் சொன்னேன்.
சரி என்றார்கள்.

இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் பிச்சைக்கண்ணு கத்தினான்,
"அண்ணே, இது நீங்கதானே!"
ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்,
பணத்தை எண்ணி மடியில் முடிந்துவிட்டவனைப்
பார்ப்பது போல.
யாரும் என்னை அப்படிப் பார்த்து நாளாகிறது.
ஆமா என்றேன்.
முதுகு என்னுடையதுதான், அதில் பொய்யில்லை.

இரவு பத்து மணிக்கு
எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து
நானும் அனுப்பினேன் எழுபத்தைந்து.
ஒருவேளை அன்றைக்கு வேறு வரிசையிலும் நின்றேனோ,
மறந்துவிட்டேனோ.
படத்துக்கு இருக்கிற ஞாபகம் எனக்கு இருக்குமா?

ஞாயிறு, இரண்டு பஸ் மாறி அல் கூஸ்.
சொன்ன முகவரியில் ஒரு டயர் கடை.
காற்றுக் குழாயைப் பிடித்திருந்த பையன்
எதையும் கேட்காமலே இல்லை என்று கையசைத்தான்.
காலையிலிருந்து அசைத்துக்கொண்டிருப்பான் போல.
வேறு கேம்ப்காரர்கள் நாற்பது பேர் ஏற்கெனவே அங்கே.
யாரும் சொல்லவில்லை,
சுவரோர நிழல் ஒடுங்கலாக இருந்ததால்
ஒருவர் பின் ஒருவராக நின்றோம்.

எதிர்ச்சாரியில் ஒரு கார் மெதுவானது.
கண்ணாடியை இறக்கி ஒருவன்
எங்களைப் படம் எடுத்தான்.
திரவியம் தலைமுடியைக் கோதிக்கொண்டான்.
நல்ல வெளிச்சம்.
நான் இந்த முறை ஒன்பதாவது.