தலை தெற்கே

கருணைச் சங்கத்துக் குளிர்பெட்டிக்கு
ஒரு பக்கம்தான் எழுத்து.
சிலுவை, அதன் கீழே பங்கின் பெயர்,
அதற்கும் கீழே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக,
மஸ்கட்டிலிருந்து பணம் அனுப்பியவரின்
அப்பா பெயர்.
மறுபக்கம் மோட்டார், வயர், எப்போதும் ஒரு பல்லி.

வாடகை கிடையாது.
வண்டிக்கு டீசல் மட்டும், அதுவும் இருந்தால்.
நோட்டில் நான் எழுத வேண்டியது
பெயர், ஊர், எடுத்த நேரம், திரும்பிய நேரம்.
போன வருடம் மதம் என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள்.
அதில் நான்
மழை என்றோ வெயில் என்றோ எழுதி வைக்கிறேன்.
இதுவரை யாரும் படித்ததில்லை.

ஐப்பசி. கருங்கலுக்கு மேற்கே
ரப்பர் மரங்களுக்குள் ஒரு வீடு.
செல்லப்பன், பால்வெட்டு, அறுபத்தெட்டு வயது.
மகன் தம்மாமில். டிக்கெட் வியாழக்கிழமைக்கு.
அன்றைக்குத் திங்கள்.

தலை தெற்கே வைக்கணும் என்றார்கள்.
பெட்டிக்குத் தலைமாடு ஒன்றுதான்,
அதைச் செய்தவன் தீர்மானித்தது.
தெற்கே வைத்தோம்.
சிலுவை முற்றத்தைப் பார்த்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் எனக்குப் பலமாகக் கேட்டது.
பிறகு, மணிக்கட்டில் கயிறு கட்டிய ஒரு பையன்:
"ஓய், செத்த பொறவும் ஆளு சேக்குதியளா?"
நான் சிரித்திருக்கக் கூடாது.

திருப்பி வைத்தோம். எழுத்து சுவருக்குப் போனது.
தலை வடக்கே போனது.
ஆகாது என்றார் ஒருவர்.
மறுபடி தெற்கு, மறுபடி சிலுவை.
உள்ளே கிடந்தவர் மட்டும்
ரெண்டுக்கும் சம்மதமாக இருந்தார்.

துண்டு போட்டு மூடட்டுமா என்று கேட்டேன்.
பகவதி உள்ளேயிருந்து வந்தாள்,
கையில் அவருடைய கைலி,
துவைக்காதது, ரப்பர் பால் கறையோடு.
சிலுவைமேல் போடப் போகிறாள் என்று நினைத்தேன்.
கண்ணாடியில் கோத்த ஈரத்தைத் துடைத்தாள்.
"மொகம் தெரியட்டு" என்றாள்.
அதன்பின் யாரும் பெட்டியைத் தொடவில்லை.

இரவு காற்று. பத்தரைக்குக் கரண்டு போனது.
ஜமாத்து ஜெனரேட்டரை மினிடெம்போவில்
பீர்கண்ணு கொண்டுவந்தான்.
அதிலும் எழுத்து, அதிலும் யாரோ ஒருவரின் வாப்பா பெயர்.
இருட்டில் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.
ஷீட் காயப்போடும் கொட்டகையில் ரெண்டு பேரும்
தோள் நனைய உட்கார்ந்திருந்தோம்.
"ஒனக்க கமிட்டி என்ன சொல்லுது?"
"நம்ம ஆளுவளுக்கே பெட்டி கெடைக்கல்லன்னு."
"எனக்க கமிட்டி மட்டும் என்ன" என்றான்.
சாயா ஆறிப்போயிருந்தது.

வியாழன் மகன் வந்தான், பையில் விமானச் சீட்டு தொங்க.
எல்லாம் முடிந்த பிறகு
நூறு ரியால் தாள் ஒன்றை என் சட்டைப்பையில் திணித்தான்.
ரசீது கொடுத்தேன். ரசீதிலும் சிலுவை.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு
நாலாக மடித்தான்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு கூட்டம்.
எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாமே என்றேன்.
செயலாளர் ஆன்றோ பெலிக்ஸ் கணக்குப் புத்தகத்தை விரித்தார்.
மோட்டார் பழுது நாலாயிரத்து இருநூறு.
வண்டி இன்சூரன்ஸ் பாக்கி.
"பேர அழிச்சா அடுத்த பெட்டிக்கு யாருவே தருவா?"
அதுவும் சரிதான்.
வேறொருவர், நம் சேவை நாலு பேருக்குத் தெரியணும் என்றார்.
தெரிந்ததால் வந்த வினைதானே என்று
வாய்வரை வந்தது. விழுங்கினேன்.
ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்தார்.

பெட்டியை டெட்டால் போட்டுக் கழுவும்போது பார்த்தேன்:
சிலுவையின் நடுவில், விரல் நுனி அளவு சந்தனம்.
கேலிக்கா, கும்பிட்டா, கைதவறியா,
யார் வைத்தது?
துணியை எடுத்தேன். கொஞ்சம் நின்றேன்.
அதற்குள் போன்.
திங்கள்சந்தையில் ஒரு அம்மா, மகள் கத்தாரில்.

நோட்டைப் பிரித்தேன்.
மதம்: தூறல்.